விழுந்த கோப்பையும் விழாத குண்டும்

1950களின் பிற்பகுதி. இங்கிலாந்தின் விவசாய நிலங்களுக்கு நடுவே அமெரிக்க விமானப் படையின் தளங்கள் அமைந்திருந்தன. அணுகுண்டு சுமக்கும் பி-47 ஜெட் விமானங்கள் அவற்றிலிருந்து ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. அப்படியொரு தளத்தின் அலுவலக அறையில் பிரிட்டிஷ் விமானப் படை அதிகாரி ஒருவர் ஒருநாள் உட்கார்ந்திருந்தாராம். தலைக்கு மேலே ஒரு பி-47 உறுமிக்கொண்டு பறந்தது. அறை அதிர்ந்தது. மேசை விளிம்பில் இருந்த காப்பிக் கோப்பை மெல்ல நகர்ந்து தரையில் விழுந்து நொறுங்கியது. மூன்றாம் உலகப் போரும் இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று அங்கிருந்த யாரோ சொன்னதாக ஒரு கதை உண்டு. போகிற போக்கில் விழுந்த அந்தச் சொல் அந்த அதிகாரியின் மனதில் மட்டும் ஆழமாகத் தைத்தது.

அவர் பெயர் பீட்டர் ஜார்ஜ். 1924இல் வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் சேர்ந்தவர், போருக்குப் பிந்திய ஆண்டுகளிலும் அந்தச் சீருடையில் இருந்தார். ஓய்வு நேரத்தில் துப்பறியும் நாவல்கள் எழுதுவார். கொலை, துப்பு, குற்றவாளி என்று போய்க்கொண்டிருந்த அவருடைய பேனாவுக்கு இப்போது வேறொரு கேள்வி கிடைத்தது. கொலைகாரன் ஒரு தளபதியாகவும், கொலை செய்யப்படப்போவது உலகமாகவும் இருந்தால்?

கேள்வி கற்பனையாக இருக்கலாம், காலம் கற்பனையாக இல்லை. 1956 ஜூலை 27 அன்று இங்கிலாந்தின் லேக்கன்ஹீத் தளத்தில், தரையிறங்கப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த பி-47 ஒன்று ஓடுபாதையை விட்டு விலகியது. நேராகப் போய் மோதிய இடம் மூன்று அணுகுண்டுகள் வைக்கப்பட்டிருந்த கிடங்கு. விமானத்தில் இருந்த நால்வரும் இறந்தார்கள். எரிபொருள் தீப்பற்றி எரிந்தது. குண்டுகளின் அணுவெடிப்புக் கரு உள்ளே பொருத்தப்படாமல் இருந்ததும், தீயணைப்பு வீரர்களின் வேகமும் சேர்ந்து பேரழிவைத் தடுத்தன. அந்தச் செய்தி வெளியே வராமல் பல ஆண்டுகள் மூடி வைக்கப்பட்டது.

அடுத்தது அமெரிக்க மண்ணிலேயே நடந்தது. 1958 மார்ச் 11. தெற்குக் கரோலினா மாநிலத்தின் மேலே பறந்த பி-47 ஒன்றில், குண்டைப் பிடித்திருக்கும் பூட்டு சரியாக விழவில்லை என்று எச்சரிக்கை விளக்கு எரிந்தது. என்னவென்று பார்க்க ஒரு வீரர் குண்டு வைத்திருந்த அறைக்குள் இறங்கினார். எட்டிப் பார்க்க முயன்றவர் பிடிமானத்துக்காக எதையோ இறுகப் பற்றினார். பற்றியது அவசர விடுவிப்புப் பிடி. குண்டு கீழே, மார்ஸ் பிளஃப் என்ற கிராமத்தில் விழுந்தது. அதிலும் அணுவெடிப்புக் கரு இல்லை. ஆனாலும் சாதாரண வெடிமருந்து வெடித்தே ஒரு வீடு சிதைந்தது, ஆறு பேர் காயமடைந்தார்கள், நிலத்தில் பெரும் பள்ளம் விழுந்தது. கைதவறுதலே இவ்வளவு செய்யுமென்றால், ஒருவன் வேண்டுமென்றே செய்தால் என்ன ஆகும்?

அந்த 1958ஆம் ஆண்டில்தான் பீட்டர் ஜார்ஜின் நாவல் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் பீட்டர் பிரயன்ட் என்று அட்டையில் இருந்தது. பிரிட்டனில் ‘டூ அவர்ஸ் டு டூம்’ என்ற தலைப்பு, அமெரிக்காவில் மலிவுப் பதிப்பாக ‘ரெட் அலர்ட்’. கதையில் குயின்டன் என்றொரு அமெரிக்கத் தளபதி. தீராத நோயால் சாவை எதிர்நோக்கியிருப்பவர். சோவியத் யூனியனை முந்திக்கொண்டு அடித்து நொறுக்கினால்தான் உலகில் அமைதி நிலைக்கும் என்பது அவர் முடிவு. யாரையும் கேட்காமல் தன் படைப் பிரிவின் விமானங்களுக்குத் தாக்குதல் ஆணையை அனுப்பிவிடுகிறார். திரும்பி வரச் சொல்லும் ரகசியக் குறியீடு அவருக்கு மட்டுமே தெரியும். விமானங்கள் இலக்கை அடைய இரண்டு மணி நேரம். அதற்குள் அவரும் தற்கொலை செய்துகொள்கிறார்.

அவர் மேசைத் தாளில் கிறுக்கி வைத்திருந்த சொற்களிலிருந்து குறியீட்டை ஓர் அதிகாரி ஊகித்துவிடுகிறார். விமானங்கள் திரும்புகின்றன. ஒன்று மட்டும் திரும்பவில்லை. ஏவுகணை தாக்கியதில் அதன் வானொலி செயலிழந்து போயிருக்கிறது. ரஷ்யாவின் உரால் மலைகளுக்குள் புதைத்து வைத்த கோபால்ட் குண்டுகள் வெடித்தால் உலகில் உயிரே மிஞ்சாது என்பது அமெரிக்க ஜனாதிபதிக்குத் தெரியும். அவர் சோவியத் தூதரைப் போர் அறைக்கே வரவழைத்து மாஸ்கோவோடு பேசத் தொடங்குகிறார். ஒரு ரஷ்ய நகரம் அழிந்தால் பதிலுக்கு எங்கள் நகரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிற அளவுக்கு அந்தப் பேச்சு போகிறது. முடிவில் குண்டு முழுமையாக வெடிக்காமல் போகிறது, உலகம் நூலிழையில் தப்பிக்கிறது. நாவலில் வாசகர்களின் இதயத்தைத் துடிக்க வைத்தது அந்த ஒற்றை விமானம். ஆனால் ஒரு பேராசிரியரின் கண் போய் நின்ற இடமே வேறு.

தாமஸ் ஷெல்லிங் ஒரு பொருளாதாரப் பேராசிரியர். பேரம், மிரட்டல், விட்டுக்கொடுத்தல் ஆகியவற்றின் கணக்கை ஆராய்ந்தவர். அந்த ஆராய்ச்சிக்குத்தான் பிற்காலத்தில், 2005இல், அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அணு ஆயுதக் கொள்கையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த அவருடைய கைக்கு இந்தத் திகில் நாவல் வந்து சேர்ந்தது. இந்த மாதிரிப் புத்தகங்களில் நிபுணர்கள் முதலில் பிழைகளைத்தான் தேடுவார்கள். ஷெல்லிங் வியந்தது அதன் துல்லியத்தைக் கண்டு. தவறான கையில் ஆணை போய்ச் சேர்ந்தால் அடுத்தடுத்து என்ன நடக்கும் என்பதைக் கதாசிரியர் படிப்படியாக யோசித்திருந்தார். 1960 செப்டம்பரில், அணு விஞ்ஞானிகள் நடத்திய ‘புல்லட்டின் ஆஃப் தி அட்டாமிக் சயின்டிஸ்ட்ஸ்’ இதழில் அணு ஆயுதப் போர் நாவல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ‘ரெட் அலர்ட்’டுக்கு முக்கிய இடம் கொடுத்தார். கட்டுரை ஒரு லண்டன் பத்திரிகையிலும் மறுபடி வெளியானது. அங்கிருந்து கதை இரண்டாகப் பிரிந்து ஓடியது.

ஒரு கிளை சினிமாவுக்குப் போனது. இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக் நாவலின் உரிமையை வாங்கினார். திகில் படமாகவே எடுக்க நினைத்தவர், திரைக்கதை வளர வளர இதைக் கறுப்பு நகைச்சுவையாகச் சொன்னால்தான் உண்மை உறைக்கும் என்று முடிவெடுத்தார். ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ என்ற பெயரில் 1964 ஜனவரியில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது அந்தப் படம். அடுத்த கிளை வாஷிங்டனுக்குப் போனது. அங்கே ஒரு எளிய கேள்வி எழுந்தது. நாவலில் ஜனாதிபதி மாஸ்கோவோடு பேசுகிறாரே, நிஜத்தில் எதில் பேசுவார்?

பதில் அதிர்ச்சி தருவதாக இருந்தது. பேசுவதற்கு வழி ஒன்றுமே இல்லை. உலகைப் பலமுறை அழிக்கப் போதுமான குண்டுகள் இருபுறமும் இருந்தன. அவற்றைச் சில நிமிடங்களில் கிளப்பும் ஏற்பாடுகளும் இருந்தன. பொறு, இது தவறுதலாக நடந்தது என்று சொல்வதற்குத்தான் வழி கிடையாது. பலர் அப்படியொரு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கும் என்றே எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஓட்டையைக் கண்டவர் ஷெல்லிங் மட்டும் இல்லை. ‘பரேட்’ என்ற ஞாயிறு இதழின் ஆசிரியர் ஜெஸ் கோர்கின், 1960 மார்ச் 20 இதழில் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கும் சோவியத் தலைவர் குருஷேவுக்கும் ஒரு திறந்த மடல் எழுதினார். ஒரு தொலைபேசி அழைப்பு இல்லாத குறையால் உலகம் அழிந்துவிடக் கூடாது என்பது அதன் சாரம். மடலோடு அவர் நிற்கவில்லை. ஜனாதிபதித் தேர்தலில் நின்ற கென்னடியையும் நிக்சனையும் விடாமல் நச்சரித்தார். அமெரிக்கா வந்த குருஷேவையே நேரில் பிடித்துக் கேட்டார். வெளியுறவுத் துறையில் ஜெரார்ட் ஸ்மித் என்ற அதிகாரியும் இதே யோசனையை முன்வைத்தார். கென்னடி ஆட்சியில், தற்செயலாக வெடிக்கக்கூடிய போரைப் பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை ஏற்ற ஷெல்லிங் அங்கேயும் இதை வலியுறுத்தினார்.

ஆனால் கோப்பு நகரவில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையில் ஒரு சாரார் ஆட்சேபித்தார்கள், ராணுவத்தில் சிலர் தயங்கினார்கள், மாஸ்கோவும் பிடிகொடுக்கவில்லை. 1960 போனது, 1961 போனது. 1962 அக்டோபரில், இதே கருவைக் கொண்ட இன்னொரு நாவல் அமெரிக்காவில் பரபரப்பாக விற்றுக்கொண்டிருந்தது. யூஜின் பர்டிக், ஹார்வி வீலர் இருவரும் எழுதிய ‘ஃபெயில்-சேஃப்’ அது. தன் கதையைத் தழுவியது என்று பீட்டர் ஜார்ஜ் வழக்குப் போட்டு, பிறகு அது சமரசத்தில் முடிந்தது தனிக் கதை. அந்த அக்டோபரில் நாவல்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு நிஜமே முன்னால் வந்து நின்றது.

கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இறக்கப்பட்டிருப்பதை அமெரிக்க உளவு விமானம் படமெடுத்தது. அமெரிக்கக் கப்பல்கள் தீவைச் சூழ்ந்துகொண்டன. இரு வல்லரசுகளும் ஒன்றின் கண்ணை ஒன்று பார்த்தபடி நின்ற அந்த நாட்களில், வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதர் அனடோலி டோப்ரினின் மாஸ்கோவுக்குச் செய்தி அனுப்பிய முறை இதுதான். சங்கேதத்தில் எழுதிய செய்தியை எடுத்துப்போக வெஸ்டர்ன் யூனியன் தந்தி நிறுவனத்தை அழைப்பார்கள். ஒரு இளைஞர் சைக்கிளில் வருவார், உறையை வாங்கிக்கொண்டு மிதிப்பார். வழியில் அவர் எங்கும் நின்று நேரத்தைக் கடத்திவிடக் கூடாதே என்று தூதரகத்தில் இருந்தவர்கள் வேண்டிக்கொண்டதை டோப்ரினின் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். உலகத்தின் தலையெழுத்து அன்று ஒரு சைக்கிள் பையில் போய்க்கொண்டிருந்தது.

மறுபக்கமும் அதே நிலைதான். அக்டோபர் 26 அன்று குருஷேவ் கென்னடிக்கு நீண்ட கடிதம் ஒன்றை எழுதினார். சுமார் 3,000 சொற்கள். போரைத் தவிர்க்க வழி திறக்கும் கடிதம். அது மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்தில் கொடுக்கப்பட்டு, மொழிபெயர்க்கப்பட்டு, சங்கேதமாக்கப்பட்டு, துண்டு துண்டாக அனுப்பப்பட்டது. வாஷிங்டனில் அதைப் பெற்று, பிரித்துப் படித்து முடிக்க ஏறக்குறைய 12 மணி நேரம் பிடித்தது. நாவலில் உலகம் அழிய இரண்டு மணி நேரம்தான். நிஜத்தில் ஒரு கடிதம் வந்து சேரவே அதைப் போல் ஆறு மடங்கு.

அந்தத் தாமதம் உடனே விபரீதமானது. முதல் கடிதத்துக்குப் பதில் தயாராகிக்கொண்டிருக்கும்போதே, 27ஆம் தேதி இரண்டாவது செய்தி வந்தது. துருக்கியில் இருக்கும் அமெரிக்க ஏவுகணைகளை அகற்றினால்தான் ஒப்பந்தம் என்று அது கறாராகப் பேசியது. எது குருஷேவின் உண்மையான மனது, மாஸ்கோவில் ஆட்சியே கைமாறிவிட்டதா என்று வெள்ளை மாளிகை குழம்பியது. அதே நாளில் கியூபாவின் மேல் ஒரு அமெரிக்க விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி உயிரிழந்தார். மறுநாள் ஏவுகணைகளைத் திரும்பப் பெறும் முடிவைச் சொல்லத் தூதரகச் சங்கேதங்களை நம்பாமல் குருஷேவ் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். மாஸ்கோ வானொலியில் உலகமே கேட்கும்படி வாசிக்கச் செய்தார். எதிரிக்கு ரகசியமாகச் சொல்ல வேண்டியதை ஊரறியச் சொல்ல வேண்டியதாயிற்று.

இதற்குப் பிறகு தயக்கத்துக்கு இடமே இருக்கவில்லை. 1962 டிசம்பரில் ஜெனிவா ஆயுதக் குறைப்பு மாநாட்டில் அமெரிக்கா அந்தப் பழைய யோசனையைத் தூசு தட்டி முன்வைத்தது. 1963 ஏப்ரலில் மாஸ்கோ தலையசைத்தது. ஜூன் 20 அன்று ஜெனிவாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆகஸ்ட் 30 அன்று வாஷிங்டனையும் மாஸ்கோவையும் நேரடியாக இணைக்கும் கம்பித் தொடர்பு உயிர் பெற்றது. இன்று நாளிதழ்கள் சர்வசாதாரணமாக எழுதும் ‘ஹாட்லைன்’ இப்படித்தான் பிறந்தது.

ஹாட்லைன் என்றால் ஜனாதிபதியின் மேசையில் ஒரு சிவப்புத் தொலைபேசி என்பது சினிமா உண்டாக்கிய சித்திரம். அங்கே தொலைபேசியே இருந்ததில்லை. பதற்றமான நேரத்தில் வாயால் பேசினால் ஒரு சொல் பிசகி, மொழிபெயர்ப்பு தவறி, கோபம் தலைக்கேறிவிடும் என்று கருதி எழுத்தையே தேர்ந்தெடுத்தார்கள். டெலிபிரின்டர் எந்திரங்கள் வந்தன. அமெரிக்கா ஆங்கில எழுத்து எந்திரங்களை மாஸ்கோவுக்குத் தந்தது, சோவியத் தரப்பு கிழக்கு ஜெர்மனியில் தயாரான ரஷ்ய எழுத்து எந்திரங்களை வாஷிங்டனுக்குத் தந்தது. அவரவர் தாய்மொழியில் அவரவர் அனுப்புவார்கள், பெறுபவர் நிதானமாக மொழிபெயர்த்துக்கொள்வார். கம்பி அட்லான்டிக் கடலடியில் போய் லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சின்கி வழியாக மாஸ்கோவை அடைந்தது. அறுந்துபோனால் மாற்றாக டான்ஜியர் வழியாக வானொலித் தொடர்பு. சங்கேதமாக்க நார்வே நாட்டுக் கருவி. தன் சொந்தச் சங்கேத நுட்பத்தை எதிரிக்குக் காட்ட இரு பக்கமும் விரும்பாததால் பொதுவான ஒன்று தேவைப்பட்டது.

முதல் நாள் வாஷிங்டனிலிருந்து போன செய்தி, பழுப்பு நரி ஒன்று சோம்பேறி நாயின் முதுகைத் தாண்டிக் குதித்தது என்பது. ஆங்கில எழுத்துகள் அத்தனையும் அந்த ஒரு வரியில் வந்துவிடும் என்பதால் எந்திரத்தைச் சோதிக்க அது போதும். மாஸ்கோவிலிருந்து அந்தி வானத்தின் அழகைப் பற்றிய வர்ணனை வந்ததாகச் சொல்வார்கள். அதன் பிறகு இரவு பகலாக மணிக்கு ஒருமுறை சோதனைச் செய்திகள் மாறி மாறிப் போய்வந்தன. இலக்கியப் பத்திகளைத் தேடித் தேடி அனுப்பினார்கள். வழியில் ஆபத்து வேறு உருவங்களில் வந்தது. டென்மார்க்கில் ஒரு புல்டோசர் கம்பியை அறுத்தது. ஃபின்லாந்தில் ஒரு விவசாயியின் ஏர் அதைக் கிளறிவிட்டது. ஆனால் உண்மையான அவசரத்துக்கு அந்தக் கம்பி தாங்குமா என்பது இன்னும் தெரியாமலே இருந்தது.

1967 ஜூன் 5. மேற்கு ஆசியாவில் ஆறு நாள் போர் வெடித்தது. வாஷிங்டனில் விடிந்தும் விடியாத வேளை. பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மக்னமாராவுக்கு அழைப்பு வந்தது. சோவியத் பிரதமர் கோசிகின் ஹாட்லைனில் ஜனாதிபதியைத் தேடுகிறார் என்றார்கள். அதை ஏன் என்னிடம் சொல்கிறீர்கள் என்று கேட்டார் மக்னமாரா. அப்போதுதான் அவருக்கே தெரியவந்தது, நான்கு ஆண்டுகளாக அந்தக் கம்பி பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனோடு முடிந்துவிட்டிருந்தது என்று. வெள்ளை மாளிகைக்கு அது நீளவே இல்லை. அவசர அவசரமாக இணைப்புக் கொடுத்தார்கள். அந்த வாரம் கோசிகினும் ஜனாதிபதி ஜான்சனும் பலமுறை செய்தி பரிமாறிக்கொண்டார்கள். மத்தியதரைக் கடலில் இரு நாட்டுப் போர்க்கப்பல்களும் நெருங்கி நின்றன. ஜூன் 8 அன்று அமெரிக்கக் கப்பல் ‘லிபர்ட்டி’ தாக்கப்பட்டபோது, அதன் உதவிக்காகவே விமானங்கள் கிளம்புகின்றன, வேறு நோக்கம் இல்லை என்று ஜான்சன் மாஸ்கோவுக்குத் தெரிவித்தார். ‘ரெட் அலர்ட்’ நாவலில் ஒரு ஜனாதிபதி சொல்லத் தவித்த அதே வகையான செய்தி, நிஜ உலகில் நிமிடங்களில் போய்ச் சேர்ந்தது.

அதைப் பார்க்கப் பீட்டர் ஜார்ஜ் உயிரோடு இல்லை. அணு ஆயுத அச்சம் அவரை விடவே இல்லை. 1965இல் அதே கருவில் இன்னொரு நாவல் எழுதினார். மனச்சோர்வோடு போராடிவந்த அவர் 1966 ஜூன் 1 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஹாட்லைனில் முதல் அவசரச் செய்தி வர இன்னும் ஒரு வருடமும் நான்கு நாட்களும் இருந்தன.

அவர் இல்லாமலே அந்தக் கம்பி வளர்ந்தது. 1971 டிசம்பரில், வங்கதேசம் பிறந்த இந்திய-பாகிஸ்தான் போரின்போது அன்றைய ஜனாதிபதி நிக்சன் மாஸ்கோவோடு பேச அதையே பயன்படுத்தினார். 1978இல் செயற்கைக்கோள் வழி வந்தது. 1986இல் ஃபேக்ஸ், 2008இல் கணினி இணைப்பு. 1998இல் அணுகுண்டுச் சோதனை நடத்தி உலகை உலுக்கிய இந்தியாவும் பாகிஸ்தானும், அணு ஆயுத விபரீதங்களைத் தவிர்க்க வெளியுறவுச் செயலர்களுக்கிடையே தனி ஹாட்லைன் அமைக்க 2004இல் ஒப்புக்கொண்டன.

ஹாட்லைனுக்குப் பல பேர் உரிமை கொண்டாடலாம். கோர்கினின் பிடிவாதமும், ஷெல்லிங்கின் கூர்மையும், கியூபா தந்த பயமும் அதில் உண்டு. ஆனாலும் நிபுணர்கள் நிறைந்த இரு தலைநகரங்கள் கவனிக்கத் தவறிய ஓட்டையைப் பரவலாக உணர்த்தியதில், ஒரு விமானப் படை அதிகாரி எழுதிய மலிவு விலைத் திகில் நாவலுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. பேரழிவைக் கற்பனை செய்யும் எழுத்தைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. நடக்கக் கூடாததை முதலில் யாராவது எழுதிக் காட்டினால்தான், அது நடக்காமல் தடுக்கும் வழியை மற்றவர்கள் தேடத் தொடங்குகிறார்கள்.